ஏழு வாக்கு குறைந்தது: வில்சனும் அமெரிக்க செனட்டும், 1918–1920

1919 நவம்பர் 19 அன்று அமெரிக்க செனட், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்செய்ல்ஸ் சமாதான உடன்படிக்கையின் மீது வாக்களித்தது. குடியரசுக் கட்சிச் செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் முன்வைத்த நிபந்தனைகளோடு அதை ஏற்கலாமா என்று கேட்டபோது 39 பேர் ஆம் என்றார்கள், 55 பேர் இல்லை என்றார்கள். அதே நாளில், நிபந்தனை எதுவும் இல்லாமல் ஏற்கலாமா என்று கேட்டபோது 38 பேர் ஆம், 53 பேர் இல்லை. முதல் வாக்கெடுப்பில் ஆம் சொன்னவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்காரர்கள். இரண்டாவதில் ஆம் சொன்னவர்கள், ஒருவரைத் தவிர, ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இரண்டிலும் இடம்பெற்ற சிலரைக் கழித்துப் பார்த்தாலும், 96 பேர் கொண்ட அவையில் 70க்கு மேற்பட்டவர்கள் அந்த உடன்படிக்கையை ஏதோ ஒரு வடிவில் ஏற்கத் தயாராக இருந்தார்கள். தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. அத்தனை பேரும் அவைக்கு வந்திருந்தால்கூட 64 போதும்.

ஆதரவு இருந்தது. இருந்தும் தோற்றது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: அமெரிக்க மக்கள் ஐரோப்பாவை வெறுத்து ஒதுங்கிவிட்டார்கள், லாட்ஜுக்கு அதிபர் உட்ரோ வில்சன் மீதிருந்த தனிப்பட்ட பகை, வில்சனைப் படுக்கையில் தள்ளிய பக்கவாதம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. யாரை வென்றெடுக்க வேண்டும் என்பதையே வில்சன் தவறாகக் கணித்தார். மக்களிடம் போனார், அவருக்குத் தேவைப்பட்டதோ பத்துப் பதினைந்து செனட்டர்கள்.

ஒரு இடத்தில் மாறிய அவை

அமெரிக்க அரசமைப்பின்படி அதிபர் கையெழுத்திடும் உடன்படிக்கை செல்ல, அவைக்கு வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். இந்தியாவில் அமைச்சரவை முடிவெடுத்தால் போதும், பொதுவாக நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை என்பதால், இந்த ஏற்பாட்டின் கடுமை நமக்குச் சட்டென்று உறைக்காது. எதிர்க்கட்சியிலிருந்து கணிசமானவர்களை இழுக்காமல் அங்கே எந்தப் பெரிய உடன்படிக்கையும் தேறாது.

இதைத் தெரிந்தும், 1918 அக்டோபர் 25 அன்று வில்சன் ஒரு வேண்டுகோள் வெளியிட்டார். அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களியுங்கள், என் கையைப் பலப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். போர்க்காலத்தில் அவரோடு ஒத்துழைத்த குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அது அவமதிப்பாகப் பட்டது. நவம்பர் 5 தேர்தலில் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சிக்குப் போயின. செனட்டில் கணக்கு 49க்கு 47. மிச்சிகனில் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று, ட்ரூமன் நியூபெரியிடம் சொற்ப வாக்குகளில் தோற்றார். அவர் வென்றிருந்தால் 48க்கு 48. துணை அதிபரின் வாக்கால் அவை வில்சன் கட்சியிடம் இருந்திருக்கும், வெளியுறவுக் குழுவின் தலைமை லாட்ஜிடம் போயிருக்காது.

ஆறு நாள் கழித்துப் போர் நிறுத்தம். டிசம்பர் 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற கப்பலில் வில்சன் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் புறப்பட்டார். பேச்சுவார்த்தைக் குழுவில் அவரோடு நான்கு பேர்: வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங், நெருங்கிய ஆலோசகர் எட்வர்ட் ஹவுஸ், ஜெனரல் டாஸ்கர் பிளிஸ், ஹென்றி வைட். கடைசியில் உள்ள வைட் மட்டும் குடியரசுக் கட்சிக்காரர். ஓய்வுபெற்ற தூதர், கட்சிக்குள் செல்வாக்கு இல்லாதவர். செனட்டர் ஒருவர்கூட இல்லை. குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் டாஃப்ட், போரைத் தடுக்க நாடுகள் ஒன்றுசேரும் ஒரு சர்வதேச சங்கம் வேண்டும் என்று பல வருடமாகப் பேசிவந்தவர், அவரையும் அழைக்கவில்லை. லாட்ஜை ஒதுக்கியதைப் புரிந்துகொள்ளலாம். டாஃப்டை ஏன் ஒதுக்கினார் என்பதற்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

39 கையெழுத்து

சர்வதேச சங்கத்தின் சாசன வரைவோடு 1919 பிப்ரவரி 24 அன்று வில்சன் பாஸ்டனில் வந்து இறங்கினார். இரண்டு நாள் கழித்து வெள்ளை மாளிகையில் வெளியுறவுக் குழு உறுப்பினர்களுக்கு விருந்து. செனட்டர் வில்லியம் போரா வர மறுத்துவிட்டார். வந்தவர்களும் மனம் மாறிப் போனதாகத் தெரியவில்லை.

மார்ச் 4ஆம் தேதி பிறக்கும் நேரத்தில் லாட்ஜ் செனட்டில் ஒரு கூட்டறிக்கையை வாசித்தார். சாசனம் இப்போதுள்ள வடிவில் ஏற்கத்தக்கதல்ல, முதலில் ஜெர்மனியோடு சமாதானத்தை முடியுங்கள், சங்கத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது அறிக்கை. 37 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். வெளியூரில் இருந்த இருவர் பிறகு சேர்ந்துகொள்ள, எண்ணிக்கை 39 ஆனது. உடன்படிக்கையைத் தடுக்க 33 போதும். பாரிஸில் பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே, உங்கள் அதிபர் கையெழுத்திட்டாலும் அது செல்லாமல் போகலாம் என்று உலகத்துக்கே அறிவித்தது போல் ஆயிற்று.

அன்று மாலையே நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் வில்சன் பேசினார். உடன்படிக்கையும் சாசனமும் எத்தனையோ இழைகளால் பின்னப்பட்டு வரும், பிரித்தெடுக்கவே முடியாது என்றார். அதாவது, ஜெர்மனியோடு சமாதானம் வேண்டுமென்றால் சங்கத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். செனட்டுக்குத் தப்ப வழி இருக்காது என்பது அவர் கணக்கு.

பாரிஸ் திரும்பியதும் அவர் வளைந்து கொடுக்காமல் இல்லை. டாஃப்ட் போன்றவர்கள் சொன்ன திருத்தங்களை எடுத்துக்கொண்டு மற்ற நாட்டுத் தலைவர்களிடம் போனார். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பா தலையிடக்கூடாது என்ற மன்றோ கொள்கைக்குப் பாதுகாப்பு, உள்நாட்டு விவகாரங்களுக்கு விலக்கு, இரண்டு வருட முன்னறிவிப்போடு சங்கத்தை விட்டு விலகும் உரிமை எல்லாம் சாசனத்தில் சேர்ந்தன. ஆனால் பேரத்தில் எதுவும் இலவசமில்லை. சொந்த நாட்டுக்காகச் சலுகை கேட்டவருக்கு மற்றவர்கள் விலை சொன்னார்கள். ஏப்ரல் 30 அன்று சீனாவின் ஷான்டுங் பகுதியில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகள் ஜப்பானுக்குக் கொடுக்கப்பட்டன. தேச சுயநிர்ணயம் பேசிய வில்சனின் பெயர் அங்கேயே கெட்டது. இத்தாலி கேட்ட ஃபியூமே துறைமுகம் கிடைக்காத கோபம் இத்தாலிய அமெரிக்கர்களுக்கு, அயர்லாந்து பற்றி வாய் திறக்காத கோபம் ஐரிஷ் அமெரிக்கர்களுக்கு, தண்டனை மிகக் கடுமை என்ற கோபம் ஜெர்மானிய அமெரிக்கர்களுக்கும் தாராளவாதிகளுக்கும். இவ்வளவு செய்தும், அந்தத் திருத்தங்களைச் செனட்டர்களோடு உட்கார்ந்து வாங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நல்லெண்ணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைச்செய்தி. புதிய சங்கத்தில் பிரிட்டனுக்கு ஆறு வாக்கு, நமக்கு ஒன்றா என்ற கேள்வி அமெரிக்க மேடைகளில் பலமாக ஒலித்தது. அந்த ஆறில் ஒன்று இந்தியா. ஆட்சி உரிமை இல்லாத காலனி, பிரிட்டிஷ் அரசு அனுப்பிய பிரதிநிதிகளின் கையெழுத்தோடு, சங்கத்தின் தொடக்க உறுப்பினர். 1917இலேயே, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் இந்தியாவின் தன்னாட்சிக்கு உதவுங்கள் என்று வில்சனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அந்தக் கடிதத்தைக் கண்டிக்கவே, தன் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார் ஐயர். பாரிஸில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை.

பத்தாவது பிரிவு

ஜூன் 28 அன்று வெர்செய்ல்ஸ் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்து. ஜூலை 10 அன்று வில்சன் உடன்படிக்கையைச் செனட்டில் தானே கொண்டுவந்து சமர்ப்பித்தார். இதை நிராகரித்து உலகத்தின் இதயத்தை உடைக்கத் துணிவோமா என்று அவர் கேட்டது அந்த உரையில்தான்.

அப்போது செனட்டில் நான்கு கூட்டங்கள் இருந்தன. எந்த வடிவிலும் வேண்டாம் என்ற சமரசமற்றவர்கள் சுமார் 16 பேர்: போரா, ஹைரம் ஜான்சன், லா ஃபோலட், ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் ரீட் போன்றவர்கள். லாட்ஜோடு சேர்ந்து கடுமையான நிபந்தனைகள் கேட்டவர்கள் அடுத்தது. மெக்கம்பர், கெல்லாக், லென்ரூட், மெக்னாரி உள்ளிட்ட பத்துப் பன்னிரண்டு மென்மையானவர்கள், சில விளக்கங்களைச் சேர்த்தால் போதும் என்றவர்கள். மீதி, வில்சன் சொன்னபடி கேட்கும் ஜனநாயகக் கட்சியினர். மென்மையானவர்களை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்தால், லாட்ஜின் ஆட்களிலும் சிலர் பின்னால் வந்திருப்பார்கள். வில்சன் இவர்களைச் சந்திக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் குடியரசுக் கட்சிச் செனட்டர்களை ஒவ்வொருவராக வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். நிபந்தனை இல்லாமல் நிறைவேறாது என்று அவர்கள் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்கவில்லை.

சண்டையின் மையம் சாசனத்தின் 10ஆவது பிரிவு. உறுப்பு நாடுகளின் எல்லையையும் சுதந்திரத்தையும் வெளித்தாக்குதலிலிருந்து காப்போம் என்று ஒவ்வொரு நாடும் உறுதி தர வேண்டும் என்றது அது. அப்படியென்றால் பால்கனில் யாரோ எல்லை தாண்டினால் அமெரிக்கப் பையன்கள் போக வேண்டுமா? போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, மட்டுமே என்கிறதே அரசமைப்பு? இவை நியாயமான கேள்விகள். லாட்ஜின் நிபந்தனை, காங்கிரஸ் அந்தந்த நேரத்தில் தீர்மானித்தால் ஒழிய அமெரிக்காவுக்கு அந்தக் கடமை இல்லை என்றது. நடைமுறையில் பார்த்தால் இதுதானே உண்மை நிலை. நிபந்தனை எழுதினாலும் எழுதாவிட்டாலும் காங்கிரஸ் ஒப்பாமல் படை போகாது.

ஆகஸ்ட் 19 அன்று வெளியுறவுக் குழு வெள்ளை மாளிகைக்கு வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டது. 10ஆவது பிரிவின் கடமை சட்டக் கடமை அல்ல, தார்மீகக் கடமை என்றார் வில்சன். தார்மீகம் மட்டும்தான் என்றால் அதனால் என்ன பயன் என்று துருவியவர்களில் ஒருவர் ஒஹையோ செனட்டர் வாரன் ஹார்டிங். அவரை மறுபடி பார்ப்போம். தார்மீகக் கடமை சட்டத்தைவிட உயர்ந்தது என்ற பதிலோடு வில்சன் நின்றுகொண்டார். ஒரே மூச்சில் இதனால் கட்டாயம் எதுவும் இல்லை என்றும், இது இல்லாமல் சாசனமே இல்லை என்றும் வாதாடினால் எதிரில் இருப்பவருக்கு எது நம்பிக்கை தரும்?

இதற்கிடையில் லாட்ஜ் அவசரப்படவில்லை. உடன்படிக்கை முழுவதையும் குழுவில் உரக்க வாசிக்க வைத்தார். அதற்கே இரண்டு வாரம் ஆனது. பிறகு ஆறு வாரம் விசாரணை. மக்களிடம் ஆரம்பத்தில் சங்கத்துக்கு நல்ல ஆதரவு இருந்தது என்பதும், நேரம் போகப்போக அது கரையும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வருட வசந்தத்தில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் பத்திரிகை ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டபோது 718 பேர் சங்கத்தை ஆதரித்தார்கள், 181 பேர் எதிர்த்தார்கள், 478 பேர் நிபந்தனையோடு ஏற்றார்கள். அந்த 478 என்ற எண்ணை வில்சனின் ஆட்கள் யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

மக்களிடம் போன ரயில்

செப்டம்பர் 3 இரவு வில்சன் தனி ரயிலில் மேற்கே புறப்பட்டார். மருத்துவர் கேரி கிரேசன் வேண்டாம் என்றார். இரத்த அழுத்தம், முன்பே வந்து போன மூளை இரத்தக்குழாய்க் கோளாறுகள், பாரிஸில் ஏப்ரலில் படுத்த காய்ச்சல். 22 நாளில் சுமார் 8,000 மைல், 40 உரைகள் அளவில். கொலம்பஸில் தொடங்கி செயின்ட் லூயிஸ், ஒமாஹா, சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ. சான் டியாகோ விளையாட்டரங்கில் ஒலிபெருக்கி வைத்து, பல்லாயிரம் பேருக்கு முன்னால் பேசினார். மேற்குக் கரையில் கூட்டம் அலைமோதியது.

ஏன் இந்தப் பயணம்? வில்சன் அரசியலுக்கு வருமுன் அரசறிவியல் பேராசிரியர். இளமையிலிருந்தே அவருக்குப் பிடித்தது பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. அவையில் சிக்கினால் பிரதமர் மக்களிடம் போவார், மக்கள் தீர்ப்பு சொல்வார்கள். அமெரிக்காவில் அந்த வசதி கிடையாது. செனட்டரின் பதவிக்காலம் ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர்தான் தேர்தலைச் சந்திப்பார்கள். அடுத்த தேர்தலோ 1920 நவம்பரில். பியூப்லோ நகரில் கண் கலங்கிய கூட்டம் எந்தச் செனட்டரையும் அடுத்த வாரம் தோற்கடிக்க முடியாது. போதாக்குறைக்கு, போகிற இடமெல்லாம் எதிர்ப்பவர்களைச் சாடினார். வெளிநாட்டு அடையாளத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டு திரியும் அமெரிக்கர்கள் நாட்டின் மீது குத்தக் கத்தி வைத்திருப்பவர்கள் என்றார். மென்மையான நிபந்தனைக்காரர்கள் அவர் பேச்சைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 12 அன்று வில்லியம் புல்லிட் வாஷிங்டனில் குழு முன் சாட்சி சொன்னார். பாரிஸ் குழுவில் இருந்து கோபத்தோடு விலகிய இளைஞர். உடன்படிக்கை என்ன சொல்கிறது என்று மக்களுக்கும் செனட்டுக்கும் புரிந்தால் தோற்கடித்துவிடுவார்கள் என்று லான்சிங்கே தன்னிடம் சொன்னதாகச் சொல்லிவிட்டார். லான்சிங் அதை உறுதியாக மறுக்கவில்லை. ரயிலில் இருந்த வில்சனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 25 அன்று கொலராடோவின் பியூப்லோ. பிரான்ஸில் சுரேன் கல்லறையில் கிடக்கும் அமெரிக்க வீரர்களைப் பற்றிப் பேசினார். அன்றிரவே உடல் மொத்தமாக விட்டுக்கொடுத்தது. பயணம் ரத்தாகி ரயில் வாஷிங்டன் திரும்பியது. அக்டோபர் 2 அன்று கடும் பக்கவாதம், இடப்பக்கம் செயலிழந்தது.

புறப்படும் அன்றே நடந்த ஒரு விஷயத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தன் கட்சியின் செனட் பொறுப்பாளர் கில்பர்ட் ஹிட்ச்காக்கிடம், கடைசி நேரத்தில் தேவைப்பட்டால் ஏற்கலாம் என்று நான்கு விளக்க நிபந்தனைகளை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார் வில்சன். எழுதியது யார் என்று வெளியில் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு. அவற்றுக்கும் மென்மையானவர்கள் கேட்டவற்றுக்கும் இடைவெளி அதிகமில்லை. அதைப் பகிரங்கமாக, பயணத்துக்குப் பதிலாக, அவர்களிடமே கொடுத்திருந்தால் பேச்சு எங்கே போயிருக்கும்?

படுக்கையறையிலிருந்து

அதன்பிறகு பல வாரம் அதிபரை யாரும் பார்க்க முடியவில்லை. மனைவி எடித், மருத்துவர் கிரேசன், செயலர் டுமல்டி மூவரும் சுவராக நின்றார்கள். நோயின் தன்மை நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. அதிபர் இயலாத நிலையில் இருக்கிறார் என்று சான்றளிக்கும்படி லான்சிங் தூண்டியபோது டுமல்டியும் கிரேசனும் மறுத்துவிட்டார்கள். டிசம்பரில் நிலைமையை வேவு பார்க்க வந்த இருவரில் ஒருவரான செனட்டர் ஆல்பர்ட் ஃபால், உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்றாராம். எந்தப் பக்கமாக என்று கேட்டாராம் வில்சன். மூளை கூர்மையாகத்தான் இருந்தது. வளைவதுதான் நின்றுபோயிருந்தது.

பிரிட்டன் சிறப்புத் தூதராக அனுப்பிய எட்வர்ட் கிரே மாதக்கணக்கில் காத்திருந்தும் அவரைப் பார்க்க முடியாமல் ஊர் திரும்பினார். நிபந்தனைகளோடு அமெரிக்கா வந்தாலும் பரவாயில்லை, வரட்டும் என்று 1920 ஜனவரி 31 அன்று லண்டன் டைம்ஸில் கடிதம் எழுதினார். நேச நாடுகள் ஒப்பாது என்ற வில்சனின் வாதம் அதோடு வலுவிழந்தது.

நவம்பர் வாக்கெடுப்புக்கு முந்தைய நாட்களில் எடித்தே நிபந்தனைகளை ஏற்றுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நீயும் என்னைக் கைவிடாதே என்று அவர் சொன்னதாக எடித் பின்னாளில் எழுதினார். லாட்ஜோடு சமரசம் பேசலாம் என்ற ஹிட்ச்காக்கிடம், லாட்ஜ் வந்து பேசட்டும் என்றார். நவம்பர் 18 தேதியிட்ட கடிதத்தில், லாட்ஜின் தீர்மானம் உடன்படிக்கையை ஏற்பதல்ல, செல்லாததாக்குவது என்று தன் கட்சிக்காரர்களுக்கு எழுதினார். அவர்கள் மறுநாள் அப்படியே சமரசமற்றவர்களோடு சேர்ந்து இல்லை என்று வாக்களித்தார்கள்.

பக்கவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்களோடு இங்கே எனக்கு உடன்பாடில்லை. நோய் அவர் பிடிவாதத்தைக் கெட்டிப்படுத்தியது, சரி. ஆனால் மார்ச்சில் ஓபரா அரங்கில், ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில், செப்டம்பரில் ரயிலில் அவர் சொன்னதும் இதே தான். அதற்கு முன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது முதுகலைக் கல்லூரியை எங்கே கட்டுவது என்ற சண்டையில் நடந்துகொண்டதும் இப்படித்தான்; அங்கும் தோற்றார்.

1920 ஜனவரியில் இரு கட்சியிலிருந்தும் சிலர் லாட்ஜோடு உட்கார்ந்து பேசி நிறைய விஷயங்களில் நெருங்கினார்கள். போராவும் ஜான்சனும் லாட்ஜை அழைத்து, விட்டுக்கொடுத்தால் கட்சி உடையும் என்று மிரட்டியபின் அது நின்றது. லாட்ஜும் கைகள் கட்டப்பட்டவர்தான் என்பதை வில்சனின் ஆட்கள் ஏன் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது தனிக் கேள்வி. வில்சனோ ஜனவரி 8 அன்றே கட்சி விருந்துக்கு எழுதிய கடிதத்தில், வரும் தேர்தலே இதற்கான மாபெரும் பொதுவாக்கெடுப்பாக இருக்கட்டும் என்று அறிவித்திருந்தார். எதிர்த்த செனட்டர்கள் எல்லாம் பதவி விலகி மீண்டும் தேர்தலில் நிற்கட்டும் என்று சவால் விடும் ஒரு வரைவுகூட எழுதப்பட்டது. நல்லவேளை, அது வெளியே வரவில்லை.

மார்ச் 19

இரண்டாவது முறை உடன்படிக்கை, 15 நிபந்தனைகளோடு, 1920 மார்ச் 19 அன்று வாக்குக்கு வந்தது. வில்சன் மறுபடி கடிதம் எழுதியிருந்தார், வேண்டாம் என்று. இம்முறை அவர் கட்சியிலேயே 21 பேர் கேட்கவில்லை. 28 குடியரசுக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து ஆம் என்றார்கள்: மொத்தம் 49. எதிர்த்தவர்கள் 35: சமரசமற்ற 12 பேர், வில்சனுக்கு விசுவாசமான 23 ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அவர்களில் பெரும்பாலோர் தென் மாநிலத்தவர். வாக்களித்த 84 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 56. அந்த 23 பேரில் ஏழு பேர் மாறியிருந்தால் கணக்கு சரியாக 56க்கு 28. அமெரிக்கா சங்கத்தில் சேர்ந்திருக்கும்.

உடன்படிக்கை ஜனவரி 10 அன்றே மற்ற நாடுகளுக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. சாசனத்தின் 5ஆவது பிரிவுப்படி சங்கக் குழுவின் முதல் கூட்டத்தைக் கூட்டும் அழைப்பு அமெரிக்க அதிபர் பெயரில் போக வேண்டும். வில்சன் அனுப்பினார். கூட்டத்தில் அமெரிக்காவின் நாற்காலி காலி.

அவர் கேட்ட பொதுவாக்கெடுப்பு நவம்பரில் வந்தது. பொருளாதாரம், விலைவாசி, போர்க் களைப்பு எல்லாம் கலந்த தேர்தலில் சங்கம் மட்டும் தனியே எண்ணப்படவில்லை. குடியரசுக் கட்சியின் வாரன் ஹார்டிங் 60 சதவீத வாக்குகளோடு, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 404க்கு 127 என்ற கணக்கில் ஜெயித்தார். டிசம்பரில் வில்சனுக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

1921 ஆகஸ்ட் 25 அன்று ஜெர்மனியோடு பெர்லினில் தனி உடன்படிக்கை. வெர்செய்ல்ஸில் அமெரிக்காவுக்குக் கிடைக்க வேண்டிய உரிமைகளும் சலுகைகளும் அதில் அப்படியே இருந்தன. சங்கம் பற்றிய பகுதி மட்டும் இல்லை. அதே லாட்ஜ் தலைமையில் செனட் அதை அக்டோபரில் 66க்கு 20 என்று நிறைவேற்றியது.